அழிந்துவிட்டதா? அவசரப்படாதீர்கள்!



முன்பெல்லாம் நம் வீடுகளில் பெறுமதியான கடதாசிகள் இருந்த இடம் அலுமாரி. காணி உறுதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், கல்யாண அல்பம் எல்லாம் ஒரு துணியில் சுற்றப்பட்டு மேல் தட்டில் கிடக்கும். இன்று அவற்றில் பெரும்பகுதி உள்ளங்கை அளவான ஒரு கறுப்புப் பெட்டிக்குள் குடிபோய்விட்டது. பிள்ளைகள் தவழ்ந்த நாள் முதல் எடுத்த படங்கள், மௌத்தாகிவிட்ட வாப்பாவின் குரல், மகள் மாதக்கணக்கில் இருந்து எழுதிய பல்கலைக்கழக ஆய்வு, வீட்டிலிருந்தே கேக் செய்தும் உடுப்புத் தைத்தும் விற்கும் சகோதரியின் கணக்கு என்று எல்லாமே ஒரே ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன. அலுமாரி தீப்பிடித்தால் புகை வரும். அயலவர் ஓடி வருவர். ஹார்ட் டிஸ்க் வெறுமையாவதற்கோ ஒரு பட்டனை அழுத்தினால் போதும்.

அந்தப் பட்டனுக்குப் பெயர் ‘போர்மட்’. நிறைந்திருக்கும் டிஸ்க்கில் அதை வேண்டுமென்று யாரும் அழுத்துவதில்லை. புதிய பென் டிரைவ் ஒன்றைப் போர்மட் செய்யப் போய், பக்கத்தில் செருகியிருந்த பெரிய டிஸ்க்கைத் தெரிவு செய்துவிடுகிறோம். விண்டோஸைப் புதிதாகப் பதிக்கும்போது, படங்கள் இருந்த பகுதியையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறோம். இன்னும் சில நேரம், டிஸ்க்கைச் செருகியவுடன் “பாவிப்பதற்கு முன் இதனைப் போர்மட் செய்ய வேண்டும், செய்யவா?” என்று கொம்பியூட்டரே கேட்கிறது. கேட்பது இயந்திரமாயிற்றே, அதற்குத் தெரியாதா என்று நம்பி ‘ஆம்’ என்கிறோம். சகோதரிகளே, இந்தக் கேள்வி வந்தால் ‘ஆம்’ என்று சொல்லாதீர்கள். டிஸ்க்கின் அட்டவணையை வாசிக்க முடியவில்லை என்பதுதான் அதன் பொருள். உள்ளே உங்கள் படங்கள் அப்படியே இருக்கலாம்.

சரி, அழுத்தியாகிவிட்டது. எல்லாம் போய்விட்டது. இனி என்ன செய்வது? இந்த மாதம் அதைப் பற்றித்தான் பார்க்கப் போகிறோம்.

பிஹ்ரிஸ்த் போனால் கிதாபு போய்விடுமா?

பெரிய கிதாபுகளில் ‘பிஹ்ரிஸ்த்’ என்று ஒரு பொருளடக்கம் இருக்கும். எந்தப் பாடம் எந்தப் பக்கத்தில் என்று அது சொல்லும். யாரோ ஒருவர் அந்தத் தாள்களை மட்டும் கிழித்தெடுத்துவிட்டு, வெற்றுத் தாளை ஒட்டிவைத்தால் என்ன ஆகும்? புரட்டிப் பார்ப்பவருக்கு “இதில் ஒன்றுமே இல்லை” என்று தோன்றும். ஆனால் உள்ளே எல்லாப் பக்கங்களும் எழுத்து மாறாமல் இருக்கும்.

ஹார்ட் டிஸ்க்கிலும் இதே ஏற்பாடுதான். எந்தக் கோப்பு எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற அட்டவணை ஒரு புறம், கோப்புகள் மறு புறம். விண்டோஸில் போர்மட் செய்யப் போனால் ‘குயிக் போர்மட்’ என்ற கட்டத்தில் சரி அடையாளம் முன்கூட்டியே போடப்பட்டிருக்கும். இந்தக் குயிக் போர்மட் செய்வது, பழைய அட்டவணைக்குப் பதிலாக வெற்று அட்டவணை ஒன்றை எழுதிவைப்பதுதான். பல ஆயிரம் படங்கள் ஒரு சில வினாடிகளில் எப்படி அழிந்தன என்று நினைக்கிறீர்களா? அவை அழியவில்லை. அவை இருந்த இடம் “காலி, யாரும் வந்து குடியேறலாம்” என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

முழுமையான போர்மட் வேறு. அந்தக் காலத்து ஓதப் பள்ளிகளில் பிள்ளைகள் பலகையில் எழுதி ஓதுவார்கள். பாடமானதும் பலகையைக் கழுவிவிட்டு அடுத்ததை எழுதுவார்கள். கழுவிய பலகையில் பழைய பாடத்தைத் தேட முடியாது. விண்டோஸ் விஸ்டாவும் அதன் பின் வந்த பதிப்புகளும் செய்யும் முழுப் போர்மட் இப்படிப்பட்டது. டிஸ்க் முழுவதிலும் பூச்சியத்தை எழுதிவிடும். பெரிய டிஸ்க்கென்றால் இதற்கு மணிக்கணக்கில் செல்லும். ஆகவே நீங்கள் முதலில் யோசிக்க வேண்டியது, போர்மட் சில வினாடிகளில் முடிந்ததா, நெடுநேரம் ஓடியதா என்பதைத்தான். வினாடிகளில் முடிந்திருந்தால் நம்பிக்கை நிறைய உண்டு. நெடுநேரம் ஓடுவது கண்ணில் பட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். கழுவப்படாத பகுதியாவது மிஞ்சும்.

முதல் வேலை, கையை எடுப்பது

போர்மட் செய்யப்பட்ட டிஸ்க்கில் உங்கள் படங்களுக்கு ஆபத்து எங்கிருந்து வருகிறது தெரியுமா? போர்மட்டுக்குப் பிறகு அதில் எழுதப்படும் ஒவ்வொன்றிலிருந்தும்தான். இடம் காலி என்று அறிவிக்கப்பட்டுவிட்டதால், புதிதாக ஒரு பாட்டையோ படத்தையோ அதில் போட்டால், அது பழைய கல்யாணப் படத்தின் மேலேயே போய் எழுதப்படலாம். மேலெழுதப்பட்டதை எந்த நிபுணராலும் திருப்பித் தர முடியாது. இதை மனதில் வைத்துக்கொண்டு பின்வருமாறு நடந்துகொள்ளுங்கள்.

வெளியே செருகும் டிஸ்க், பென் டிரைவ், கெமராவின் மெமரி கார்ட் என்றால் உடனே கழற்றி எடுத்துத் தனியே வையுங்கள். “வேலை செய்கிறதா பார்ப்போம்” என்று ஒரு கோப்பைக் கூட அதில் போட்டுப் பார்க்க வேண்டாம். கார்டை மீண்டும் கெமராவில் போட்டுப் படம் எடுக்க வேண்டாம்.

கொம்பியூட்டருக்குள்ளேயே இருக்கும் டிஸ்க் என்றால் கொம்பியூட்டரை நிறுத்திவிடுங்கள். நீங்கள் ஒன்றும் செய்யாமல் இருந்தாலும் விண்டோஸ் சும்மா இருக்காது. தன் பாட்டில் எதையாவது எழுதிக்கொண்டே இருக்கும். விஷயம் தெரிந்த ஒருவரைக் கொண்டு அந்த டிஸ்க்கைக் கழற்றி, இன்னொரு கொம்பியூட்டரில் பொருத்தித்தான் மீட்பு வேலையைத் தொடங்க வேண்டும்.

மீட்கும் மென்பொருளை, மீட்க வேண்டிய டிஸ்க்கிலேயே பதிக்கக் கூடாது. மீண்டு வரும் கோப்புகளையும் அதே டிஸ்க்கில் சேமிக்கக் கூடாது. நல்ல நோக்கத்தோடு மீட்கத் தொடங்கி, மீட்க வந்ததையே அழித்துவிடுவோர் இந்த இரண்டு இடங்களில்தான் தவறுகிறார்கள். மீட்டதைப் போட்டுவைக்கப் போதிய இடமுள்ள இன்னொரு டிஸ்க் கையில் இருக்க வேண்டும்.

டிஸ்க்கிலிருந்து ‘டிக் டிக்’ என்று சத்தம் வந்தால், அல்லது அது கீழே விழுந்திருந்தால், மென்பொருள் எதையும் ஓட்டிப் பார்க்காதீர்கள். மின்சாரத்தைத் துண்டித்து எடுத்துவையுங்கள். வீட்டில் யாரும் அதைத் திறந்து பார்க்கவும் வேண்டாம். உள்ளே சுழலும் தட்டுக்கும் அதை வாசிக்கும் முனைக்கும் இடையே உள்ள இடைவெளி ஒரு தூசிக்குக் கூட இடங்கொடாதது. அது அதற்கென உள்ளவர்களின் வேலை.

“யார் செய்தது?”

இந்த இடத்தில் கொம்பியூட்டரை விட்டு வீட்டுக்குள் கொஞ்சம் வர வேண்டியிருக்கிறது.

பன்னிரண்டு வயது மகன் பட்டனை அழுத்திவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். சின்னத் தவறுக்கும் பெரிய கூச்சல் போடும் வீடாக இருந்தால் அவன் என்ன செய்வான்? சொல்ல மாட்டான். டிஸ்க் வெறுமையாக இருப்பது தெரியாமலிருக்கக் கூட்டாளியிடமிருந்து எதையாவது வாங்கி நிரப்பி வைப்பான். அல்லது ஒன்றும் நடவாதது போல லாச்சிக்குள் வைத்துவிடுவான். பிறகு ராத்தா எடுத்துப் பாவிப்பாள். சாச்சா ஒரு நாள் எடுத்துப் பாவிப்பார். ஒவ்வொரு தடவையும் பழைய படங்களின் மேல் புதிய எழுத்து ஏறும். ஆறு மாதம் கழித்து விஷயம் வெளிவரும்போது மீட்க ஒன்றும் இருக்காது. அன்றே அவன் ஓடி வந்து “உம்மா, இப்படி ஆகிவிட்டது” என்று சொல்லியிருந்தால் அநேகமாக எல்லாவற்றையும் எடுத்திருக்கலாம்.

மருமகள் செய்திருந்தாலும், வீட்டு வேலைக்கு உதவியாக இருக்கும் பிள்ளை செய்திருந்தாலும் இதே கதைதான். தவறு டிஸ்க்கின் அட்டவணையை மட்டும்தான் அழித்தது. நம் கோபத்துக்குப் பயந்த மௌனமே உள்ளே இருந்ததையும் சேர்த்து அழிக்கிறது. “யார் செய்தது?” என்ற கேள்வியைக் கடைசிக்கு விட்டுவிட்டு, “அதற்குப் பிறகு இதில் ஏதாவது போட்டீர்களா?” என்று முதலில் கேளுங்கள். மீட்பவருக்குத் தேவையான தகவலும் அதுதான்.

பெரிய அலுவலகங்களில் கூட இது நடந்திருக்கிறது. அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் எண்ணெய் வருமானத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் குடிமக்களுக்குப் பகிர்ந்து கொடுக்கிறார்கள். 2006 ஜூலையில் அந்தத் திணைக்களத்தில் வழக்கமான பராமரிப்பு வேலை செய்துகொண்டிருந்த ஒரு கொம்பியூட்டர் ஊழியர், விண்ணப்பங்களின் விபரங்கள் இருந்த டிஸ்க்கைத் தவறுதலாகப் போர்மட் செய்துவிட்டார். அதோடு நில்லாமல் மாற்றுப் பிரதி இருந்த டிஸ்க்கையும் போர்மட் செய்துவிட்டார். மூன்றாவது காவலாக வைத்திருந்த காந்த நாடாக்களை எடுத்துப் பார்த்தால், அவற்றை வாசிக்க முடியவில்லை. ஒன்பது மாத உழைப்பு, ஸ்கேன் செய்த சுமார் 800,000 படிவங்கள், எல்லாம் போயின. பெரிய கம்பனிகளின் நிபுணர்கள் வந்து முயன்றும் மீட்க முடியவில்லை.

மீட்டது எது தெரியுமா? கடதாசி! மக்கள் அனுப்பிய மூல விண்ணப்பங்கள் 300க்கு மேற்பட்ட அட்டைப் பெட்டிகளில் பத்திரமாக இருந்தன. சுமார் 70 பேர் மேலதிக நேரமும் வார விடுமுறையும் பாராமல் வேலை செய்து, ஓகஸ்ட் மாத முடிவுக்குள் அத்தனையையும் மீண்டும் பதிவு செய்தார்கள். செலவு 200,000 டொலருக்கு மேல். ஆனால் தவறிழைத்த ஊழியரை யாரும் பலியாக்கவில்லை என்று அந்தத் திணைக்களத்தின் பொறுப்பாளர் பின்னர் சொன்னார். அத்தனை பெரிய இழப்பிலும் அவர்கள் விரலை நீட்டிக்கொண்டிருக்காமல் வேலையில் இறங்கினார்கள் என்பது நாம் கவனிக்க வேண்டிய ஒன்று.

எதைக் கொண்டு மீட்பது?

இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள்களே பல உண்டு. கிறிஸ்தோப் கிரேனியே என்பவர் உருவாக்கிய ‘டெஸ்ட்டிஸ்க்’, ‘போட்டோரெக்’ ஆகிய இரண்டும் முற்றிலும் இலவசம். ‘ரெகுவா’ என்பதற்கும் இலவசப் பதிப்பு உண்டு, பாவிப்பதற்கு இலேசானது. மைக்ரோசொப்ட் நிறுவனமும் 2020இல் ‘விண்டோஸ் பைல் ரிக்கவரி’ என்ற ஒன்றை இலவசமாக வெளியிட்டது. ஆனால் அதில் கட்டளைகளைத் தட்டச்சுச் செய்ய வேண்டும்.

போட்டோரெக் வேலை செய்யும் விதம் சுவையானது. கிழிந்துபோன பிஹ்ரிஸ்த்தை அது தேடுவதே இல்லை. கிதாபின் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டிக்கொண்டு போகிறது. ஒவ்வொரு வகைக் கோப்பும் தனக்கென ஒரு தொடக்க அடையாளத்தோடு ஆரம்பிக்கும். அந்த அடையாளத்தைக் கண்டதும் “இது ஒரு படம்”, “இது ஒரு ஒலிப்பதிவு” என்று பிரித்தெடுத்துத் தருகிறது. 480க்கு மேற்பட்ட கோப்பு வகைகளை அதற்கு அடையாளம் தெரியும். ஒரு குறை என்னவென்றால், கோப்புகளின் பெயர் அட்டவணையோடு போய்விட்டதால், ‘பெருநாள் காலை’ என்று நீங்கள் வைத்த பெயர் திரும்பி வராது. எழுத்தும் இலக்கமுமாக ஒரு பெயரில்தான் வரும். பல ஆயிரம் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துப் பிரிக்கப் பொறுமை வேண்டும். நீண்ட வீடியோக்கள் டிஸ்க்கில் துண்டு துண்டாக வெவ்வேறு இடங்களில் இருப்பதுண்டு. அப்படியானவை பாதியாக வரலாம், வராமலும் போகலாம். பெரிய டிஸ்க் என்றால் தேடல் முடிய ஒரு நாள் கூடச் செல்லலாம். நடுவில் நிறுத்தாமல் விடுங்கள்.

திரும்பாதவையும் உண்டு

எல்லாம் மீளும் என்று சொன்னால் அது உண்மையாகாது. இப்போதைய மடிக்கணினிகள் பலவற்றில் சுழலும் டிஸ்க்குக்குப் பதிலாக ‘எஸ்.எஸ்.டி.’ இருக்கிறது. வேகமானது, சத்தமில்லாதது. ஆனால் இதில் ஒரு கோப்பை அழித்தாலோ போர்மட் செய்தாலோ, “இந்த இடங்கள் இனித் தேவையில்லை” என்று விண்டோஸ் அதற்கு அறிவித்துவிடும். ‘டிரிம்’ என்று இதற்குப் பெயர். அறிவிப்புக் கிடைத்ததும் எஸ்.எஸ்.டி. தானாகவே அந்த இடங்களைத் துப்புரவாக்கிவிடும். அதனால் அதிலிருந்து மீட்பது பெரும்பாலும் கைகூடுவதில்லை.

தொலைபேசியை ‘பெக்டரி ரிசெட்’ செய்வதும் இப்படித்தான். இப்போதைய தொலைபேசிகள் எல்லாவற்றையும் பூட்டிய நிலையிலேயே சேமிக்கின்றன. ரிசெட் செய்தால் சாவி அழிந்துவிடும். பூட்டுக்குள் இருப்பது இருந்தும் பயனில்லை. கூகுள் போட்டோஸில் ஏற்றியிருந்த படத்தைத் தவறுதலாக நீக்கியிருந்தால் மட்டும், குப்பைக் கூடையில் 60 நாட்கள் இருக்கும். அங்கே போய்ப் பார்க்க மறக்காதீர்கள்.

கடைக்குக் கொடுக்கும்போது

நம்மால் முடியாதபோது கடைக்குக் கொண்டு போகத்தான் வேண்டும். ஆனால் அந்த டிஸ்க்கில் இருப்பவை வெறும் கோப்புகள் மட்டுமல்ல. வீட்டுக்குள் நம் பெண்கள் இருந்தபடி எடுத்த படங்கள், அடையாள அட்டை, வங்கிப் பத்திரம் எல்லாம் அதில் இருக்கும். அது அமானிதப் பொருள். தெரிந்த, நம்பிக்கையான இடத்தில் கொடுங்கள். முடிந்தால் வீட்டு ஆண்களில் ஒருவர் கூட இருக்கட்டும். மீட்டவற்றை உங்கள் டிஸ்க்கில் ஏற்றிய பிறகு, அவர்களுடைய கொம்பியூட்டரில் உள்ளதை உங்கள் கண் முன்னே நீக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

இன்னொன்றும் இருக்கிறது. போர்மட் செய்ததை நாம் மீட்கலாம் என்றால், நாம் போர்மட் செய்து விற்ற பழைய டிஸ்க்கிலிருந்து வாங்கியவரும் மீட்கலாம் அல்லவா? அமெரிக்காவின் எம்.ஐ.டி. மாணவர்களான சிம்சன் கார்பிங்கல், அபி ஷெலாட் ஆகிய இருவர் பாவித்த ஹார்ட் டிஸ்க்குகள் 158ஐ விலைக்கு வாங்கி ஆராய்ந்து, 2003இல் முடிவை வெளியிட்டார்கள். வேலை செய்த 129இல் 69இலிருந்து பழைய கோப்புகளை மீட்க முடிந்தது. ஆயிரக்கணக்கான கடன் அட்டை இலக்கங்களும் அவற்றில் இருந்தன. எனவே பழைய டிஸ்க்கை விற்கும் முன், யாருக்கும் கொடுக்கும் முன், ‘குயிக்’ என்ற அடையாளத்தை எடுத்துவிட்டு முழுப் போர்மட் செய்யுங்கள். அங்கே மட்டும் பலகையை நன்றாகக் கழுவுவதே நமக்குப் பாதுகாப்பு.

இன்னொரு வீட்டில் இன்னொரு பிரதி

மீட்பு முயற்சி தோற்றாலும் கையை விரித்துவிடாதீர்கள். அலாஸ்காவைக் காப்பாற்றியது கடதாசிப் பெட்டிகள். நமக்கும் அப்படிப்பட்ட பெட்டிகள் உண்டு. கட்டாரில் உழைக்கும் மச்சானுக்கு வட்சப்பில் அனுப்பிய படங்கள், மாமியின் தொலைபேசியில் இருக்கும் குரல் பதிவு, சாச்சியின் பழைய கெமரா கார்ட், கல்யாணப் படம் எடுத்த ஸ்டூடியோ என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். வட்சப்பில் போன படத்தின் தெளிவு குறைந்திருக்கும். ஆனாலும் ஒன்றுமே இல்லாமல் போவதற்கு அது எவ்வளவோ மேல்.

அமெரிக்காவின் பிக்ஸார் நிறுவனத்தில் 1998இல் ‘டோய் ஸ்டோரி 2’ என்ற கார்ட்டூன் படத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தபோது, யாரோ இட்ட ஒரு தவறான கட்டளையால் படத்தின் கோப்புகளில் பெரும்பகுதி அழிந்தது. மாற்றுப் பிரதியைத் தேடினால் அது ஒழுங்காக வேலை செய்யவில்லை. அப்போது அங்கே பொறுப்பான பதவியில் இருந்த கேலின் சஸ்மன் என்ற பெண்மணி கைக்குழந்தையோடு இருந்ததால், வீட்டிலிருந்தும் வேலை செய்ய அவருடைய கொம்பியூட்டரில் ஒரு பிரதி இருந்தது. அந்தக் கொம்பியூட்டரைப் போர்வைகளில் சுற்றிக் காரில் கொண்டு வந்தார்கள். குழந்தையைப் பார்க்க வீட்டில் இருந்த ஒரு தாயின் பிரதிதான் அந்த வேலையைக் காப்பாற்றியது.

இந்த இரண்டு சம்பவங்களிலும் டிஸ்க்கைக் குடைந்து எடுத்ததால் காரியம் நடக்கவில்லை. வேறு இடத்தில் வேறொரு பிரதி இருந்ததால் நடந்தது. இரண்டிலும் “பிரதி இருக்கிறது” என்று நம்பியிருந்த பிரதி காலத்துக்கு உதவவில்லை என்பதையும் கவனியுங்கள். திறந்து பார்க்காத பிரதியை நம்ப முடியாது.

முக்கியமானவற்றுக்கு மூன்று பிரதிகள், அவை இரண்டு விதமான சாதனங்களில், அவற்றில் ஒன்று வீட்டுக்கு வெளியே என்பது இத்துறையில் உள்ளவர்கள் சொல்லும் ஒழுங்கு. வீட்டுக்கு வெளியே என்பதன் அருமை நம் கிழக்குக் கரையோர மக்களுக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26இல் வந்த கடல், மூல உறுதியையும் அதன் பிரதியையும் ஒரே அலுமாரியோடு கொண்டு போனது. ஒரு ஹார்ட் டிஸ்க்கை வாங்கிப் பிரதி எடுத்து, வேறு ஊரில் இருக்கும் ராத்தாவின் வீட்டில் வையுங்கள். அவருடையதை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். கூகுள் கணக்கில் 15 ஜிகாபைட் இலவசமாகக் கிடைக்கிறது. பத்திரங்களுக்கும் வாப்பாவின் குரலுக்கும் அது தாராளம். பெருநாளுக்குப் பெருநாள் இரண்டு குடும்பமும் சந்திக்கும்போது டிஸ்க்கைச் செருகி, நாலைந்து படங்களையாவது திறந்து பாருங்கள். பிள்ளைகளும் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும்.

அப்போதே அவர்களிடம் ஒரு வார்த்தையும் சொல்லிவிடுங்கள்: “எது தவறினாலும் உடனே வந்து சொல்லுங்கள், ஏச மாட்டேன்.” சொன்னபடி ஏசாமலும் இருங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.